கூழை ஏந்திய கைகள்

போன வருடம் ஆடி பிறப்பதற்கு முன்னால் பெருமுக்கல் பக்கம் ஒரு காலனியில் இளைஞர்களோடு மாலைக் கூட்டம் ஒன்று நடத்தினோம். சிறுதானியம், நம் உணவு, நம் உரிமை என்று பேசுவதாகத் திட்டம். பெரிய குண்டானில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வைத்திருந்தோம். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மரக்காணத்திலிருந்து வாங்கிவந்த கருவாடு எல்லாம் தயார். துண்டறிக்கையில் ‘நம் முன்னோர் குடித்த அமுதம்’ என்று அச்சடித்திருந்தோம்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயாவுக்குத்தான் முதல் சொம்பை நீட்டினோம். எழுபதைத் தாண்டிய வயது. அவர் கையை இழுத்துக்கொண்டார். “எனக்கு வேணாம்ப்பா. சோறு இருந்தா போடு. இல்லன்னா டீத்தண்ணி போதும்” என்றார். எங்களில் ஒருவர் விடாமல் சுண்ணாம்புச் சத்து, சர்க்கரை நோய் என்று விளக்க ஆரம்பித்தார். ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தெரியும் கண்ணு. அத குடிச்சிதான் நாலு புள்ள பெத்தேன். அந்தப் பொழப்பு போதும்னுதான் சொல்றேன்.”

கூட்டம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். வீடு திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. சமூகவியல் படித்தோம், களத்தில் பத்து வருடத்துக்கு மேல் சுற்றுகிறோம், இருந்தும் ஒரு சொம்புக் கூழுக்குள் இருக்கும் வரலாற்றைப் படிக்காமல்தான் துண்டறிக்கை அச்சடித்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அந்த ஆயாவுக்கு நாங்கள் பட்ட கடன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கூழ் என்றால் ஏழைக் குடிசையின் கஞ்சி என்று இன்று புரிந்துகொள்கிறோம். பழைய தமிழில் அப்படியில்லை. உணவு, தானியம், செல்வம் எல்லாவற்றுக்கும் அது பெயர். ஓர் அரசுக்கு இன்றியமையாத ஆறில் ஒன்றாகப் படை, அமைச்சு, அரணோடு சேர்த்துக் கூழையும் எண்ணுகிறது திருக்குறள். நாட்டின் மொத்தச் சோற்றுக்கும் பெயராக இருந்த சொல், எந்த நூற்றாண்டிலோ கீழே இறங்கி நம் தெருவோடு நின்றுவிட்டது. ஊர்ப் பொதுவாக இருந்தவை சேரிக்கு மட்டும் உரியவையாக மாறிய கதைகள் நமக்குப் புதிதல்ல. கூழும் அந்த வரிசையில் ஒன்று.

பெருமுக்கல் என்றால் மலையைத்தான் சொல்வார்கள். மேலே சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட சிவன் கோயில், குகைப் பாறையில் அதற்கும் மிக முந்தைய மனிதர்கள் கீறிய உருவங்கள், கோட்டையின் மிச்சம். 1760இல் ஆங்கிலேயப் படையும் 1782இல் ஐதர் அலியின் படையும் பிடித்த கோட்டை அது. யார் பிடித்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் படைகளுக்கு யார் விளைவித்த தானியம் போனது என்று எழுதிவைக்கவில்லை.

ஆனால் இந்த வட்டாரத்துப் பசியைப் பற்றி ஒரு பழைய பதிவு இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை. அதன் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில்தான் இன்றைய திண்டிவனத்துக் கிடங்கல். அவனது எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது பெருமுக்கல் மலை. அந்த நூலில் வழியெங்கும் சாப்பாடுதான். கடற்கரையில் சுட்ட உலர்மீனும் கள்ளும், முல்லைக் காட்டு எயினர் வீட்டில் புளிச்சோறும் காட்டுப்பசு இறைச்சியும், வயலோரத்தில் வெள்ளைச் சோறும் நண்டும். (மாட்டிறைச்சி தமிழர் உணவா என்று கேட்பவர்களைத் திண்டிவனம் பக்கம் அனுப்பிவைக்கலாம்.) இத்தனை விருந்துக்கும் முன்னால் அந்தப் பாணன் வீட்டு அடுக்களையைப் புலவர் காட்டுகிறார். குட்டி போட்ட நாய் பால் சுரக்காமல் குரைக்கிறது. சுவரில் கரையான். வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளிவந்து உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். பிறகு மற்றவர் பார்த்துவிடக் கூடாதே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பமாகத் தின்கிறார்கள்.

அந்தச் சாத்திய கதவைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பசி வயிற்றில் மட்டும் இருப்பதில்லை. என்ன தின்கிறோம் என்பதை அடுத்தவர் கண்ணிலிருந்து மறைக்கும் பழக்கமாகவும் அது நம்மிடம் தங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவின் மூடியைப் பாதி திறந்துவைத்துச் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

ஆயாவிடம் வருவோம். கூட்டம் முடிந்த மறுவாரம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, அவர் சொல்வது ஒரே கூழை அல்ல, இரண்டு கூழை.

முதலாவது வயல் கூழ். விடிவதற்கு முன்னால் போய்க் களை எடுக்கவோ நாற்று நடவோ இறங்கினால், வெயில் ஏறிய பிறகு பண்ணைக்காரர் வீட்டிலிருந்து கூழ் வரும். கூலியில் ஒரு பங்கு அது. வேலை செய்கிறவர்கள் வரப்போரம் வரிசையாகக் குந்த வேண்டும். ஆண்கள் பனையோலையைப் பட்டையாகக் கோட்டி வைத்திருப்பார்கள். ஓலை கிடைக்காதவர்களுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் கைதான் பாத்திரம். ஊற்றுகிறவர் நின்றுகொண்டு ஊற்றுவார். பாத்திரம் பட்டையிலோ கையிலோ பட்டுவிடக் கூடாது என்பதற்காக உயரத்திலிருந்து ஊற்றுவார். “பாதி கையில உழும், பாதி முழங்கைல ஓடும். ஓடறத நக்கிக் குடிச்சாத்தான் வயிறு நெறயும். நம்மள நிமிந்து பாக்கவுடாத ஒசரம் அது” என்றார் ஆயா. புளித்த கூழின் வாசனை வந்தாலே இன்றைக்கும் முழங்கை ஈரமாக இருப்பதுபோலத் தோன்றுமாம்.

தீண்டாமையைக் கோயில் வாசல், கிணறு, இரட்டைக் குவளை என்று பட்டியல் போட்டுப் படித்திருக்கிறோம். ஊற்றும் உயரம் எந்தப் பட்டியலிலும் நாங்கள் பார்க்காதது. ஒரு சாண், ஒரு முழம் என்று அளக்கக்கூடிய தீண்டாமை.

இந்த வயல் கூழுக்குப் பின்னால் ஒரு முழு அமைப்பு நின்றது. அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று 1843இல் கம்பெனி அரசு சட்டம் போட்டது. சட்டம் வந்ததே தவிர, ஆள் அதே ஆள், வயல் அதே வயல். செங்கல்பட்டு, தென்னார்க்காட்டுப் பக்கம் ‘படியாள்’ என்றார்கள். படி அளந்து கூலி வாங்குகிற ஆள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் தீரும்வரை அந்தப் பண்ணையை விட்டு நகர முடியாது, கடனும் தீராது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் 1916இல் தன் மாணவர்களை அனுப்பித் தென்னிந்தியக் கிராமங்களை ஆய்வு செய்தபோது, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டும் அதில் ஒன்றாக இருந்தது. சட்டம் வந்து எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே படியாட்கள் இருந்தார்கள். காசாகக் கொடுத்தால் ஆள் அதை எடுத்துக்கொண்டு வேறு எங்கேயும் போய்விடலாம். கூழாகக் கொடுத்தால் அன்றைக்கே செரித்துவிடும், நாளைக்கு மறுபடியும் அதே வரப்புக்கு வர வேண்டும். கூழ் கூலியாக இருந்ததற்குப் பண்ணைக்காரரின் தாராள மனசு காரணமல்ல.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பித்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1845இல் எழுதிய தன்வரலாற்றில் மக்காச்சோள மாவுக் கூழைப் பற்றிச் சொல்கிறார். ஒரு பெரிய மரத் தொட்டியில் ஊற்றித் தரையில் வைப்பார்களாம். அடிமைக் குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து சிப்பி ஓட்டாலும் கையாலும் அள்ளித் தின்ன வேண்டும். தானியம் வேறு, கண்டம் வேறு. ஆயாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, “தொட்டிய தரையில வச்சாங்களா? அப்ப அவங்க குனிஞ்சி வச்சாங்களா?”

பஞ்ச காலத்தில் அந்தக் கூழும் கிடைக்கவில்லை. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை, செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று வெட்டினார். அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்று மண் சுமக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது ஆளைக் கொல்லும் கூலி என்று எதிர்த்து வாதாடினார். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து அப்போது வெட்டிய கால்வாய்த் துண்டு பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி. அந்தக் கால்வாய் தெற்கே மரக்காணம் வரை வருகிறது. உப்பளம் பக்கம் போகிறவர்கள் நின்று பாருங்கள். கவர்னரின் பெயர் கால்வாய்க்கு இருக்கிறது.

அடுத்து நிலம். கேழ்வரகும் கம்பும் வரகும் பெரிய ஏரிப் பாசனம் கேட்காத பயிர்கள். மானாவாரிக் கொல்லை இருந்தால் போதும். அந்தக் கொல்லையும் நமக்கு இல்லாததால்தான் கூழுக்கு அடுத்தவர் வரப்பில் குந்த வேண்டியிருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. அதன்படி ஒடுக்கப்பட்டோருக்குக் கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி எப்படிக் கைமாறியது என்பதை நம் மாவட்டத்தில் எந்தக் காலனியில் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு மூட்டை தானியத்துக்குக் கைரேகை வைத்த கதைகள். 1994இல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில், அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். சிறுதானியத்தை மீட்போம் என்று முழங்கும் மேடைகளில் இந்த இரண்டு பெயர்களையும் நாங்கள் கேட்டதில்லை. விதையை மீட்கப் பேசுகிறார்கள், விதைக்கிற நிலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் துண்டறிக்கையிலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் ஆயா கேட்ட சோறு என்னவென்று தெரியும். நம் தெருக்களில் நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வந்த காலத்தை அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நெல்லை விளைவித்தது நாம், அது போனது வேறு அடுப்புக்கு. கீழ்த்தஞ்சையில் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். படி கணக்கில் எண்ணக்கூடிய நெல். 1967இல் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற வாக்குறுதிக்கு விழுந்த ஓட்டில் நம் பாட்டிகளின் ஓட்டும் உண்டு. 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011இலிருந்து ரேஷன் அரிசி இலவசம். ‘இலவச அரிசியால் ஆள் வேலைக்கு வரமாட்டேன் என்கிறான்’ என்ற புலம்பலை எல்லா டீக்கடையிலும் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் சொல்கிறவர் நினைக்கிற அர்த்தத்தில் அல்ல. வீட்டில் அரிசி இருக்கிற பெண், உயரத்திலிருந்து ஊற்றுகிற கூழுக்காக வரப்பில் குந்த வேண்டியதில்லை. ஆயா ரேஷன் சோறு கேட்டது ஊட்டச்சத்து தெரியாததால் அல்ல. அவர் கேட்டது, யாருடைய உயரத்துக்கும் கீழே குந்தாமல் சாப்பிடுகிற சோறு.

இதற்கிடையில் கூழுக்கு மரியாதை வந்துவிட்டது. 2018இல் இந்திய அரசு சிறுதானியங்களுக்குச் சத்துத் தானியம் என்று பெயர் மாற்றியது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. அதை வரவேற்கிறோம், நம் மாவட்டத்துக்கும் வர வேண்டும். கேழ்வரகு நல்ல உணவு என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரச்சினை வேறு. நட்சத்திர ஓட்டலில் மண்சட்டியில் வரும்போது பாரம்பரியம் ஆகிற பொருள், நம் கையில் இருந்தவரை இழிவாக இருந்தது. மராத்வாடா தலித் சமையலைப் பற்றி ஷாகூ பாட்டோலே 2015இல் மராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். எண்ணெயும் நெய்யும் வாசனைப் பொருளும் எட்டாத அடுப்புகளில் என்ன சமைத்தார்கள் என்பதைச் செய்முறையோடு எழுதியிருக்கிறார். தமிழில் அப்படி ஒரு புத்தகத்தை உங்களில் யாராவது எழுத வேண்டும். ஆயாக்கள் இருக்கும்போதே.

ஒரு பழமொழியையும் இங்கே கணக்குத் தீர்த்துவிடலாம். ‘கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.’ இரண்டும் நடக்காது, ஒன்றை விடு என்று கேலி செய்கிறது. கூழ் குடித்தால் மீசையில் ஒட்டும், சரி. ஆனால் மீசை வைத்ததற்காகவே நம் பையன்கள் அடிபட்ட நாடு இது. 2017இல் குஜராத்தில் அப்படி நடந்தபோது, நாடெங்கும் தலித் இளைஞர்கள் மீசையை முறுக்கிப் படம் போட்டார்கள். வயிறா மானமா என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறவர்கள் தாங்கள் எதையும் விட்டதில்லை. நமக்குக் கூழும் வேண்டும், மீசையும் வேண்டும்.

நாம் சமைத்தால் என்ன ஆகிறது? அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தைக் குறிப்பிடுகிறார். யாத்திரை முடித்துவந்த ஒரு தீண்டப்படாதவர் தன் மக்களுக்கு விருந்து வைத்தார், அதில் நெய் பரிமாறினார். சாதி இந்துக்கள் தடியோடு வந்து சோற்றைப் பாழாக்கி அடித்து விரட்டினார்கள். நெய் சாப்பிடும் தகுதி உனக்கு ஏது என்பதுதான் குற்றச்சாட்டு. பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2018இல் அவினாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று தகராறு செய்தார்கள். 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தது, அடுத்த வருடமே கரூர் மாவட்டத்து வேலஞ்செட்டியூரில் தலித் பெண் சமைக்கிறார் என்று சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. நம் கையில் ஊற்றலாம், நம் கையால் வாங்கக் கூடாது. கூழ் எந்தத் திசையில் போகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது.

ஆயா சொன்ன இரண்டாவது கூழ் இதற்கு எதிர்த் திசையில் போவது. அது சாகைக் கூழ்.

ஆடியில் நம் பக்கம் சாகை வார்த்தல் நடக்காத தெரு கிடையாது. காலனி மாரியம்மனுக்கும் உண்டு. முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவைப்பார்கள். மறுநாள் நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி தட்டினால் மாமியார் வாயில் விழ வேண்டியதுதான். ஆறவைத்துக் கரைத்து, பானைக்கு மஞ்சள் பூசி வேப்பிலை கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். கோயில் வாசலில் ஒரு பெரிய அண்டா இருக்கும். எல்லா வீட்டுப் பானையும் அந்த ஒரே அண்டாவில் கவிழும். ஒரு வீட்டில் கெட்டியாக இருக்கும், கடன்பட்ட வீட்டில் தண்ணியாக இருக்கும், அண்டாவுக்குள் போன பிறகு யார் வீட்டுக் கூழ் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு பிள்ளைகளில் தொடங்கி எல்லோருக்கும் ஊற்றுவார்கள். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் கூட வரும்.

ஊர்த்தெருவில் வேறு அம்மன், வேறு அண்டா. இரண்டு அண்டாவும் ஒன்றாவதை எங்கள் அனுபவத்தில் எங்கேயும் பார்த்ததில்லை. இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகளை அடித்தார்கள், ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் காவலோடும் நம் மக்கள் உள்ளே போய்ச் சாமி கும்பிட 2025 ஏப்ரல் வரை ஆனது. கதவு திறக்கவே இரண்டு வருடம். அண்டாவைப் பற்றி இன்னும் யாரும் வழக்குப் போடவில்லை.

அந்த வருட ஆடியில் சாகை வார்த்தலுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். போனோம். கூட்டத்தில் கூழை வேண்டாம் என்று ஒதுக்கிய அதே ஆயா, மஞ்சள் பூசிய பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, பிடிக்க வந்த பேத்தியின் கையைத் தட்டிவிட்டு நடந்து வந்தார். அண்டாவில் கவிழ்த்தார். பிறகு அண்டாவுக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, சொம்பால் மொண்டு மொண்டு பிள்ளைகளுக்கு ஊற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு பிள்ளையின் கிண்ணத்திலும் சொம்பின் விளிம்பு தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் முறை வந்தபோது, “நீ கொண்டாந்த கூழவிட நல்லாருக்கா பாரு” என்றார்.

நல்லாத்தான் இருந்தது. “ஒரு வாய் குடிங்களேன் ஆயா” என்றோம். “அட போப்பா, ஊட்டுல சோறு ஆக்கி வச்சிட்டு வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்தை இழுத்தார்.